ஒரு கரண்டி மாவு

அமெரிக்காவின் டுலூத் நகரில் முப்பத்தொரு குளிர்காலம் பனி வாரும் லாரி ஓட்டியவர் ரோலண்ட் ஹால்வர்சன். ஏரியைப் பார்த்துச் சரியும் அந்த மேட்டுத் தெருக்களில், நிறுத்தி வைத்திருக்கும் கார்களின் கண்ணாடியைக்கூட உரசாமல் லாரியை இறக்குவார். அதே மனிதர்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், பேத்தி டெஸ்ஸைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது, காய்ந்த ரோட்டில் பட்டப்பகலில் காரைப் பள்ளத்தில் விட்டார். குடித்திருந்தார். ஐந்து வயதுக் குழந்தைக்கு உதட்டில் நாலு தையல். இனி பேத்தி முகத்தை மறந்துவிடச் சொல்லி மகள் கிர்ஸ்டன் போனாள். போனவள் போனவள்தான்.

மனைவி எலெய்ன் செத்த துக்கத்தில் குடித்தார் என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். எலெய்ன் இருந்த காலத்திலும் அவர் ஒன்றும் மோர் குடித்துக்கொண்டிருக்கவில்லை.

இப்போது குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. செவ்வாய்க்கிழமைதோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில், இவரைப் போலவே விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் வட்டமாக உட்காருவார்கள். அங்கே பழக்கமான வெண்டல் என்பவர் முதல் வாரமே வீட்டுக்கு வந்து, மூலை முடுக்கெல்லாம் துழாவி, ஏழு பாட்டில்களைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை ரோலண்ட் எழுந்து நின்று, வீடு சுத்தமாகிவிட்டது என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

எட்டாவது பாட்டில் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. சமையலறை மேல்தட்டில், சேவல் படம் போட்ட மாவு டப்பாவுக்குள் கழுத்து வரை புதைந்திருந்தது. எலெய்னுக்குப் பிறகு அந்த வீட்டில் மாவைத் தொட ஆளில்லை, ஒளித்து வைக்க அதைவிட நல்ல இடம் வேறில்லை. கை தட்டல் வாங்கிய வாயால் வெண்டலிடம் சொல்ல வெட்கம். தானே எடுத்துக் கொட்டலாம்தான். ஆனால் கொட்ட வேண்டுமென்றால் கையில் எடுக்க வேண்டும், எடுத்த கை என்ன செய்யும் என்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. டப்பாவைத் தள்ளிச் சேவலின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததோடு சரி. மாதங்கள் ஓடின.

குடியை விட்டதைச் சொல்லி மகளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். நவம்பர் தொடக்கத்தில் கிர்ஸ்டன் போன் செய்தாள்.

"தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வர்றேன். நான் மட்டும். வீடும் நீயும் ஒழுங்கா இருந்தா கிறிஸ்துமஸுக்கு டெஸ்ஸக் கூட்டிட்டு வருவேன். இல்லேன்னா இதோட விட்டுடலாம்ப்பா, எனக்கும் தெம்பில்ல."

"வா கண்ணு. வான்கோழி நானே பண்றேன்."

"நீயா? உனக்கு முட்டை அவிக்கவே வராதே."

"கவர் மேலயே எப்படிப் பண்றதுன்னு எழுதியிருக்குல்ல?"

"சரி, அம்மா மாதிரி அந்தச் சூடு தாங்கற பிளாஸ்டிக் பையில போட்டு ஓவன்ல வச்சுடு. கறி வறண்டு போகாது. உள்ள இருக்கற ஈரல் பொட்டலத்த எடுக்க மறந்துடாத."

மறக்கவில்லை. பதினாலு பவுண்டு வான்கோழியை நாலு நாள் முன்னதாகவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி, உறைந்திருந்ததை இளக விட்டார். பண்டிகை வியாழக்கிழமை காலை கழுத்தையும் ஈரல் பொட்டலத்தையும் எடுத்தார், துடைத்தார், வெண்ணெய் தடவினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையின் அட்டைப்பெட்டியைப் படித்தார். முதல் வரியே இதுதான்: பைக்குள் ஒரு கரண்டி மாவு போட்டு நன்றாகக் குலுக்கவும்.

வீட்டில் மாவு இருந்தது அந்தச் சேவல் டப்பாவில் மட்டும்தான். பண்டிகை நாள், பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு மான் வேட்டைக்குப் போயிருந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். டப்பா மூடியில் கை வைத்தார். நாக்கில் எச்சில் ஊறியது. எச்சில் ஊறியதுதான் அவரைப் பயமுறுத்தியது. இறங்கி ஸ்டூலை எட்டி உதைத்தார். ஒரு கரண்டி மாவு போடாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, வான்கோழியைப் பைக்குள் இறக்கி, வாயைக் கட்டி, மேலே ஆறு கீறல் போட்டு ஓவனுக்குள் தள்ளினார்.

கிர்ஸ்டன் மதியம் பூசணிக்காய் இனிப்போடு வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டபோது மூச்சைக் கொஞ்சம் ஆழமாக இழுத்தாள். எதற்கு என்று அவருக்குத் தெரியும். அப்புறம் கை கழுவப் போனவள் குளியலறையில் அலமாரியைத் திறக்கும் சத்தமும், கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் தூக்கும் சத்தமும் கேட்டன. அவளுக்கு அந்த உரிமை உண்டுதான். இருந்தாலும் வலித்தது. ரோலண்ட் உருளைக்கிழங்கு உரிப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"வீடு சுத்தமாத்தான் வச்சிருக்க," என்றாள் திரும்பி வந்து.

"வேற வேலை என்ன இருக்கு?"

அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. டெஸ்ஸுக்கு முன்பல் விழுந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து ஓவனுக்குள் பட்டென்று வெடித்தது.

கொழுப்பு அடியில் வழிந்து புகை கிளம்பியது. உத்தரத்தில் இருந்த புகை மணி அலறியது. கிர்ஸ்டன் ஜன்னலைத் திறந்தாள், ஓவனை அணைத்தாள், கையுறை போட்டுத் தட்டை வெளியே இழுத்தாள். பை கிழிந்து வான்கோழியின் நெஞ்சில் சுருண்டு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் கரி.

"மாவு போட்டியா, இல்லியா?"

அவர் துண்டை எடுத்துப் புகையை ஜன்னல் பக்கம் விசிறினார்.

"மாவு போடாட்டி பை வெடிக்கும்னு அம்மா வருஷா வருஷம் கத்துவாளே. காதுலயே விழலியா உனக்கு?"

"மாவு இல்ல."

"அதோ டப்பா இருக்கே."

"அத எடுக்காத கிர்ஸ்டன்."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். குடித்த காலத்தில் எதையாவது மறைக்கும்போது அவருக்கு வரும் குரல். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி டப்பாவை எடுத்துத் திறந்தாள். மாவு பழுப்பேறியிருந்தது, வண்டு ஓடியது. நடுவில் பாட்டிலின் கழுத்து. உருவினாள். முக்கால் பாட்டில்.

"பதினோரு மாசம்னியே."

"ஆமா."

"இத வச்சுக்கிட்டா?" பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "டெஸ்கிட்ட நான் என்னப்பா சொல்வேன்? தினம் கேக்கறா, தாத்தா நல்லாயிட்டாரான்னு."

பாட்டிலை மேடையில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தாள். எல்லாம் முடிந்தது என்று ரோலண்ட் நினைத்தார். சத்தியம் செய்ய வாய் வரவில்லை. முன்பு அத்தனை சத்தியமும் செய்து முடித்துவிட்டவர் அவர்.

ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக கிர்ஸ்டன் நின்றாள். டப்பாவில் வண்டு ஓடிய, மாதக்கணக்கில் யாரும் கை விடாத மாவைப் பார்த்தாள். அப்புறம் வெடித்துக் கிடந்த வான்கோழியைப் பார்த்தாள், வெகுநேரம்.

"இதத் திறக்கப் பயந்துக்கிட்டுத்தான் மாவு போடலியா?"

அவர் தலையாட்டினார்.

"எடுத்துக் கொட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

"கொட்டணும்னா கையில எடுக்கணுமே கண்ணு."

கிர்ஸ்டன் கோட்டைக் கழற்றினாள்.

"நீ வெளிய போய் நில்லு. நான் கூப்பிடறவரைக்கும் வராத."

கோட்டுகூட இல்லாமல் பின்வாசல் படியில் போய் நின்றார். பனி முழங்கால் உயரம். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, நிற்கவேயில்லை. அவள் கூப்பிட்டபோது சமையலறையில் சோப்பு வாசனைதான் இருந்தது. டப்பா குப்பைப் பையில் கிடந்தது.

கரிந்த பக்கத்தையும் பை ஒட்டிய தோலையும் சீவி எறிந்துவிட்டு, மிச்சக் கறியைச் சாப்பிட்டார்கள். இருட்டுவதற்கு முன் கிளம்பியவள் கார் கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னொன்னு எங்கயாவது இருந்தா இப்பவே சொல்லிடு."

"இல்ல. இது ஒண்ணுதான்."

"செவ்வாய்க்கிழமை அந்த வெண்டல்கிட்டச் சொல்லணும். எல்லார் முன்னாடியும்."

"சொல்றேன்."

அவள் அவரை நம்பினாளா என்று முகத்தைப் பார்த்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

"கிறிஸ்துமஸுக்கும் பையிலயே பண்ணுப்பா," என்றாள். "மாவு டெஸ் கொண்டு வருவா."