ஆறும் ஒன்பதும், வளர்மதி அக்காவும்

போன செவ்வாய்க்கிழமை காலை என்னோடு படிக்கும் பவித்ரா போன் செய்து, "வளர்மதி அக்கா போயிட்டாங்கடி" என்றாள். "எங்க, தஞ்சாவூருக்கா? நூல் வாங்கவா?" என்று கேட்டேன். ஊரை ஏமாற்றியே பழகிய எனக்கு யார் எதைச் சொன்னாலும் லேசில் நம்பிக்கை வராது. அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. முந்தின நாள் மாலை கடையிலேயே மார்வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது.

திருக்காட்டுப்பள்ளியில் அவரிடம் ஒரு சேலையாவது கொடுக்காத வீடு குறைவு. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு பீரோவின் அகலத்தில் இருந்தது அவருடைய கடை. 'சேலைகளுக்கு ஃபால்ஸ், ஜிக்ஜாக் அடிக்கப்படும்' என்று போர்டு. நான் ஒன்பதாவது படிக்கும்போது அதன் கீழே 'தேவைப்பட்டால் கணவரும்' என்று சாக்பீஸால் எழுதிவைத்தேன். எழுதிய ஆளைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. என்னைக் கூப்பிட்டு, "கையெழுத்து நல்லாருக்கு நிவே. மழையில அழிஞ்சா திரும்ப எழுதிக் குடு. மூணு பேரு விசாரிச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார். குறும்புக்குத் திட்டு வாங்கிப் பழகிய எனக்கு இது புதிது. அன்றிலிருந்து நான் அந்தக் கடைக்கு ரசிகை.

போன வருடம் எங்கள் கபடி அணிக்கு ஜெர்சி தைக்கும் பேச்சு வந்தபோது, அக்கா தானாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டார். எங்கள் பி.டி. டீச்சர் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க, சேலைக்கு ஓரம் அடிக்கிற கடையில ஜெர்சி எப்படிங்க?" என்றார்.

"டீச்சர், எதிராளி உங்க பிள்ளைங்கள எங்க புடிச்சி இழுப்பான்னு மட்டும் சொல்லுங்க. அங்க நான் ஜிக்ஜாக் போட்டுத் தர்றேன். நேர் தையல் இழுத்தா அறுந்துரும். இது இழுத்த பக்கம் கொஞ்சம் போயிட்டுத் திரும்பி வந்துரும்" என்றார் அக்கா. டீச்சர் சம்மதித்துவிட்டார். அந்த ஆர்டர் அக்காவுக்கு எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். ஜெர்சி நன்றாக அமைந்தால் போர்டில் 'விளையாட்டு உடைகள்' என்றும் சேர்க்கப்போவதாகச் சொல்லி, பெயின்டரைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

எண்களை வெள்ளைத் துணியில் வெட்டி, ஜெர்சியின் முதுகில் குண்டூசியால் குத்தி, விளிம்பைச் சுற்றி நெருக்கமாக ஜிக்ஜாக் ஓட்டினார். பனியன் துணி அலை அலையாகச் சுருங்காமலிருக்க அடியில் செய்தித்தாள் வைப்பார். தைத்து முடித்ததும் கிழித்தெடுப்பார். வளைவு வந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, காலைத் தூக்கி, துணியைத் திருப்புவார். 'காலைத் தூக்கி' என்றால் மிஷினுடைய காலை. அவர் காலை இல்லை. இப்படித் துணி சுற்றிக்கொண்டே இருப்பதால் எது தலை, எது கால் என்று தைப்பவருக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தது. ஆறுக்கும் ஒன்பதுக்கும் அவர் ஒரே அட்டையைத்தான் அச்சாக வைத்திருந்தார். என் எண் ஒன்பது, எங்கள் கேப்டன் பவித்ராவின் எண் ஆறு. போட்டிக்கு முந்தின நாள் அக்கா டீ வாங்கப் போன நேரத்தில், ஊசிகளை எடுத்து, பவித்ராவின் ஆறைத் தலைகீழாகக் குத்தி வைத்தேன். வந்து பார்ப்பார், கத்துவார், சிரிப்போம் என்பது என் திட்டம். ஆனால் வந்ததும் தன் சேலையைக் கேட்டு ஒரு அம்மா அவசரப்படுத்த, நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எதையும் பார்க்காமல் தைத்து முடித்துவிட்டார்.

மறுநாள் எங்கள் மைதானத்தில் போட்டி. அக்கா ஜெர்சிகளைக் கடைசி நேரத்தில்தான் கொண்டுவந்தார். வரிசையில் நின்றபோது நடுவர் இரண்டு ஒன்பதைப் பார்த்தார். "ஒரு நம்பர்ல ரெண்டு பேர் ஆட முடியாது. பத்து நிமிஷத்துல மாத்துங்க, இல்லாட்டி ஒருத்தர் வெளிய உக்காரணும்" என்றார். டீச்சர் எல்லோர் முன்னாலும் அக்காவைப் பார்த்து, "நான் அன்னிக்கே சொன்னேன். சேலைக்கடையில குடுத்தது என் தப்பு" என்றார். வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊர் அங்கே இருந்தது.

"தப்பு என்னோடதுதான் டீச்சர். இதோ வந்துடுறேன்" என்று அக்கா ஜெர்சியை வாங்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

நெருங்க அடித்த ஜிக்ஜாக்கைப் பிரிக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். அக்கா பிரிக்கவில்லை. வெள்ளை ஃபால்ஸ் ஒன்றை உருவினார். சேலையின் அடியில் வைத்துத் தைக்கும் நீளமான துணிப்பட்டை அது. ஒரு சாண் வெட்டி, ஒன்பதுக்கு முன்னால் வைத்தார். பத்தொன்பது!

"அக்கா, நான்தான் திருப்பி வச்சேன்" என்றேன்.

"தெரியும். நான் ஊசிய குறுக்கால குத்துவேன். தைச்சி முடிச்சி எடுக்கறப்ப நெடுக்கால இருந்துச்சி. ஏன்னு அப்ப ஓடல."

"டீச்சர்கிட்ட சொல்லிடுறேன்க்கா."

"சொல்லு. உன்னை உக்கார வச்சிருவாங்க. அப்பறம் ஆறு பேரோட ஆடுவீங்களா? பேச்சைக் கொறைச்சிட்டு பேப்பரப் புடி. ஆட்டம் முடியட்டும்."

மிஷின் சீறியது. எட்டாவது நிமிடம் மைதானத்தில் இருந்தோம். அக்கா பின்னால் போய் ஒளியவில்லை. அவரைத் திட்டிய டீச்சருக்குப் பக்கத்திலேயே, முன்வரிசையில் நின்று கைதட்டினார். எதிரணி பவித்ராவை எங்கெங்கோ பிடித்து இழுத்தது. ஒரு தையல்கூட விடவில்லை. மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்தது. நான் சொல்லவில்லை. கோப்பையின் குஷியில் அன்று விட்டுப்போனது, பிறகு பயத்தில் தள்ளிப்போனது. கடைத்தெருவில் அவரை "ஆறா அக்கா, ஒம்பதா?" என்று கேலி செய்தார்கள். 'விளையாட்டு உடைகள்' போர்டில் ஏறவேயில்லை. இந்த வருட ஜெர்சி தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனது. அதில் எண்களை ஒட்டித்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது துவைப்பில் உரிந்து வந்தன. ஒவ்வொருத்தியாக அக்காவிடம்தான் கொண்டுபோனோம். ஒரு குத்தல் பேச்சு இல்லை. "ஆறு யாரு, ஒம்பது யாரு, முன்னாடியே சொல்லிடுங்கடி" என்று மட்டும் சிரித்தார். என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அடக்கத்துக்கு டீச்சரும் வந்திருந்தார். "நல்ல மனுஷி. கை சுத்தம். அன்னிக்கு அந்த ஒரு தப்புதான்" என்று யாரிடமோ சொன்னார். அது என் காதில் விழுந்தது. மறுநாளே ஸ்டாஃப் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க இருக்கறப்ப சொல்லிருக்கலாமேடி" என்றார் டீச்சர். அடுத்த போட்டியில் நான் வெளியே உட்கார வேண்டும் என்றார். சரி என்றேன்.

அவரை அறிந்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்: வளர்மதி அக்கா எண்ணைத் தவறாகத் தைக்கவில்லை. என் தவறைத் தன்னுடையது என்று சொல்லி, சேலை ஃபால்ஸை வைத்து ஒரு கபடி அணியை ஆட வைத்தார். அப்படி ஒருவர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, ஊரே பார்க்கப் பழியைச் சுமந்துகொண்டு முன்வரிசையில் நின்றாரே, அந்த நிமிர்வை. தப்பே செய்யாமல் அவர் அப்படி நின்றார். தப்பைச் செய்துவிட்டு அப்படி நிற்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.