எனக்குக் காது உண்டு

பி.ஏ. தேறியும் வேறு வேலை அகப்படாத அந்த ஆண்டுகளில், பெரியம்மை வராமல் காக்கக் குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்தும் உத்தியோகத்தை ஏற்றேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர் என் மேலதிகாரி.

ஊருக்குள் நுழைந்த மணிக்கும் வெளியேறிய மணிக்கும் கிராம முன்சீப்பிடம் கையொப்பம் பெற வேண்டும். விடுபட்ட குழந்தைகளைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியதை அடிக்கவோ சுரண்டவோ கூடாதென்பது மேலதிகாரியின் உத்தரவு. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் மேலொப்பம் இடுவார். ஒத்தக்கடையில் பஸ் பழுதாகி நான் அரை மணி தாமதித்தபோது, பஸ் பழுதானதற்குச் சாட்சி கேட்டவர் அவர்.

கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பால் குத்தினால் அம்மனுக்குக் கோபம் வருமென்று அஞ்சிய தாயொருத்தி தன் குழந்தையை வைக்கோற்படப்புக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். அன்று அது அழவில்லை. 'விடுபட்டோர் இல்லை' என்று எழுதிவிட்டேன். மறுநாள் முன்னறிவிப்பின்றி அதிகாரி வந்தபோது அழுதது. முன்சீப்பும் ஊராரும் சூழ்ந்திருக்க என்னைக் கேட்டார்:

"பிள்ளை இம்புட்டு அழுவுது. உமக்குக் காது இல்லையா?"

கூட்டத்தில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "பி.ஏ. படிச்ச காதுண்ணே, நம்ம புள்ளைக அழுதா கேக்காது" என்றான். அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். அன்றே என் பணிக்குறிப்பில், 'இவருடைய நேர்மை ஐயத்துக்குரியது' என்று எழுதினார். கவனக்குறைவு என்று எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன். பொய்யனென்ற பெயர் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை. நான் கொடுத்த விளக்கத்தைப் பிரிக்காமலே திருப்பியனுப்பினார்.

மறு ஆண்டு இருவருக்கும் மதுரை நகரத்தில் வேலை. வீடு வீடாகச் சென்று வந்தவன், ஒரு காலையில் அவர் வீட்டு வாசலிலும் நின்றேன். அவருடைய மகனுக்குக் குழந்தை பிறந்து ஆறு மாதமாகியிருந்ததை அலுவலகமே அறியும். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "புள்ளைய அதோட அம்மாச்சி வீட்டுக்கு, எழுமலைக்கு அனுப்பியாச்சு" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் உள்ளே குழந்தை வீறிட்டது.

கைகூப்பி விடைபெற்றேன். தெருவில் நின்றபடியே விடுபட்டோர் பதிவேட்டில் அதிகாரியின் பெயரையும் கதவிலக்கத்தையும் எழுதி, 'குழந்தை ஊரில் இல்லையெனக் கூறப்பட்டது. உள்ளே அழுகை கேட்டது' என்று முடித்தேன். அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை.

மேலொப்பத்துக்கு வைத்தபோது அவர் படித்தார். அதுவரை 'நீர்' என்றவர் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"தம்பி, இந்தப் பக்கம் மேலிடத்துக்குப் போகும். ஒரு வரிதான், அடிச்சிருங்க. உங்க பேர்ல நான் எழுதினதையும் எடுத்திடுறேன்."

நான் இழந்த பெயர் அவர் கையில் இருந்தது. வாங்கிக்கொண்டிருக்கலாம்.

"அடிக்கக் கூடாதுங்கிறது உங்க உத்தரவு, சார். எனக்குக் காது இருக்கு. கேட்டதை எழுதினேன்."

கையொப்பமிட்டார். என் குறிப்பிலிருந்த வரி நான் ஓய்வுபெறும்வரை அழியவில்லை; எனக்குப் பின் சேர்ந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். இன்று கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

மேலிடத்து உத்தரவின்படி அந்தக் குழந்தைக்கு நானே பால் குத்தினேன். பால் பிடித்ததா என்று பார்க்கும் எட்டாம் நாள் சோதனைக்குச் சென்றபோது அவரே அதை வாசலுக்குத் தூக்கி வந்தார். நான்கு கொப்புளங்களை எண்ணத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன். குழந்தை அழுதது. காது கேட்கிறதா என்று அவரை நான் கேட்கவில்லை, தெருவுக்கே கேட்டுக்கொண்டிருந்தது.