சூடு தெரியாத கால்

இன்னைக்கு வண்ணார்பேட்டையில ஒரு கடைக்கு, வீட்டுல வைக்கிற இன்ஃப்ராரெட் சானா பாக்கப் போனோம். எங்க வீட்டுக்காரருக்குத் தீராத முதுகுவலி. இதுக்குள்ள சூட்டுல உக்காந்தா வலி குறையும்னு யூடியூப்ல பாத்ததுல இருந்து இதே பேச்சுதான்.

அலமாரி மாதிரி ஒரு மரப்பெட்டி. கடைக்காரர் அவரை உள்ள உக்கார வச்சு கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து குரல். "காலுக்குச் சூடே வரலியே அண்ணாச்சி."

"கூட்டி வைக்கேன் சார்."

எனக்குச் சரியாப் படல. கதவைத் திறந்து பாத்தேன். முழங்காலுக்குக் கீழ செக்கச்செவேல்னு சிவந்து கிடக்கு.

"எரியலியா?"

"இல்லியே, ஏன்?"

சுகர் இருக்கிறதால கால் மரத்துப்போகும், கவனமா இருங்கன்னு டாக்டர் சொன்னப்போ, "எனக்கு அப்படி ஒண்ணுமில்ல"ன்னு சிரிச்ச மனுசன். இப்போ குனிஞ்சு தன் காலையே பாத்துட்டிருந்தார்.

கடைக்காரர் விடல. "வேற மாடல் இருக்கு, காட்டட்டா?"

திரும்பி வரும்போது பஸ்ல இவர் மெதுவா கேட்டார், "நாளைக்கு டாக்டர்ட்ட போவமா?"

அவரா வாயத் திறந்து அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. சந்தோசப்படவா, பயப்படவான்னு இன்னும் தெரியல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆள் உண்டா?