அப்பாவைத் தேடிய பிற்பகல்

திருவிழா நாள்களில் அப்பாவை வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். கூட்டம் குறைந்த பிறகு ஒரு வண்டி பிடித்து மூன்று பேருமாகப் போய் வரலாம் என்றார். நான்தான் கேட்கவில்லை.

நீடாமங்கலத்தில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டியிருக்கிறது. ஆவணி பிறந்துவிட்டால் காவி உடுத்திய நடைப்பயணக் கூட்டம் இரவு பகலாக அந்த வழியே போகும். அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் காலை அவர்கள் பின்னாலேயே நடந்துவிட்டார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் அகப்பட்டார். கூட்டிக்கொண்டு வரும்போது, “வேளாங்கண்ணிக்குப் போவணும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வருஷம் அவர் முழுசாகச் சொன்ன வாக்கியங்கள் மிகக் குறைவு. அதனால் அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

அப்பாவுக்கு மறதி நோய் வந்து அப்போது மூன்று வருஷம். வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூலிக்கு நாற்றுப் பறித்து, வரப்பில் அண்டை வெட்டி, பிறகு ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து என்னை ஆசிரியை ஆக்கியவர். அம்மா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். முதலில் செருப்பை மறந்தார், பிறகு தெருவை, பிறகு அம்மா இறந்துபோனதை. இது குணமாகிற நோயில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் மாதாவுக்கு நேர்ந்துகொள்ளாத வீடு கிடையாது. எனக்கு ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் கைவிட்டபோது அப்பா மாதாவிடம் வேண்டிக்கொண்டாராம். பிழைத்தேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் இரண்டு பேருக்கும் மொட்டை போட்டு வந்தார். எனக்கு அதில் எதுவும் நினைவில்லை. ஒன்றாம் வகுப்பில் எல்லோரும் என்னை மொட்டை என்று கூப்பிட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை, வேட்டி. சட்டைப் பையில் அவர் பெயரையும் என் போன் நம்பரையும் எழுதிய அட்டையை வைத்துப் பின் குத்தியிருந்தேன். திருவாரூர் தாண்டும்வரை ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சில வயல்களில் நெல் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். நாகப்பட்டினம் வந்ததும் திரும்பி, “பாப்பா எங்க?” என்று கேட்டார். நான்தாம்பா பாப்பா என்றேன். சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அது எனக்குப் பழகிப்போன கேள்விதான்.

வேளாங்கண்ணியில் இறங்கியபோது மணி பத்தரை. கடைத்தெரு முழுக்க மெழுகுவர்த்தியும் மாலையும், கை கால் கண் என்று அச்சடித்த வெள்ளித் தகடுகளும். மலையாளம், தெலுங்கு, இந்தி என்று எல்லாப் பாஷையும் காதில் விழுந்தது. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கோயிலுக்குள் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். மாதாவின் முன்னால் வந்ததும் நான் சொல்லிக்கொடுக்காமலே அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். உதடு அசைந்தது. என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியவில்லை. நான் அவருக்காக வேண்டிக்கொண்டேன். என்னை மறக்காமல் இருக்கட்டும், அது போதும் என்றுதான் கேட்டேன்.

வெளியே வந்து, பக்கவாட்டில் நிழலாக இருந்த படியில் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அப்போது தலைமையாசிரியை போன் செய்தார். உதவித்தொகைப் பட்டியலில் இரண்டு பிள்ளைகளின் பிறந்த தேதி தவறாக இருக்கிறதாம், அன்றைக்கே திருத்த வேண்டுமாம். ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு நாலு அடி தள்ளிப் போய்ச் சுவர் பக்கம் திரும்பி நின்று பேசினேன். நான்கு நிமிஷம் பேசியிருக்கிறேன். போனில் அது பதிவாகி இருக்கிறது. அதைப் பிறகு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். திரும்பியபோது படியில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

முதலில் பயம் வரவில்லை. பக்கத்தில்தான் இருப்பார் என்று கோயிலைச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில்தான் ஓடத் தொடங்கினேன். காணாமல் போனவர்களுக்காக அறிவிப்புச் செய்யும் பந்தலைத் தேடிப் போய்ச் சொன்னேன். எழுபத்திரண்டு வயது, நரைத்த தலை, நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, பேசினால் பதில் சரியாக வராது. அங்கிருந்த பெண் எழுதிக்கொண்டார். சற்று நேரத்தில் அப்பாவின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது. ஊர் முழுக்க அவர் பெயர் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாதா காட்சி கொடுத்த இடம் என்று சொல்லும் நடுத்திட்டுக்குப் போகும் மணல் பாதையில் தேடினேன். கோயிலிலிருந்து மாதா குளம்வரை போகும் அந்தப் பாதையில் ஜனங்கள் முழங்காலிலேயே நகர்ந்துகொண்டிருந்தார்கள். கையில் மெழுகுவர்த்தி, முட்டியில் துணிக்கட்டு. ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். செபம் செய்துகொண்டிருந்த ஒரு அம்மாள் எரிச்சலோடு என்னைப் பார்த்தார். அப்பா காணாமல் போய்விட்டார் என்றேன். அவர் முழங்காலில் நின்றபடியே என் கையைப் பிடித்து, “மாதா காட்டிக்குடுப்பாங்க, போங்க” என்றார்.

காணிக்கைப் பொருள்களை வைத்திருக்கும் காட்சிக்கூடத்துக்குள்ளும் போனேன். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வெள்ளித் தொட்டில்கள், வீடுகள், குணமானவர்கள் எழுதிய கடிதங்கள். மற்ற நாளாக இருந்தால் நின்று படித்திருப்பேன். அன்றைக்கு அத்தனை பேரும் நலமாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மாதா குளத்தருகே நின்றிருந்தபோது ஓர் அறிவிப்பு கேட்டது. ஐந்து வயதுப் பெண் குழந்தை, நீலக் கவுன், காணவில்லை, தகப்பனார் அறிவிப்புப் பந்தலில் காத்திருக்கிறார் என்றார்கள். குழந்தையின் பெயரையும் சொன்னார்கள். என் பெயர்தான். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் ஐந்து வயதுக் குழந்தையின் கையை விடுகிற ஆள் என்ன ஆளோ என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று அப்போது தோன்றவில்லை.

பிறகு கடற்கரை. அங்கே போகப் பயந்துதான் கடைசியாக வைத்திருந்தேன். தண்ணீரில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் மொட்டைத்தலை, நெற்றியிலிருந்து பிடரிவரை சந்தனம். வெள்ளைத் தலை ஒன்று தெரிந்தால் ஓடுவேன். வேறு யாரோவாக இருக்கும். ரோந்து நின்ற போலீஸ்காரரிடம் போட்டோ காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பெரியவர் இந்தப் பக்கம் வரவில்லை, பஸ் ஸ்டாண்டில் பாருங்கள் என்றார். பஸ் ஸ்டாண்டிலும் இல்லை. கணவருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் கிளம்பிட்டேன், நீ முதல்ல தண்ணி குடி என்றார். அதுதான் என்னை உடைத்தது. டீக்கடை ஓரமாக நின்று வாய்விட்டு அழுதேன்.

நாலு மணிக்கு மேல் மறுபடியும் அறிவிப்புப் பந்தலுக்குப் போனேன். முன்பு எழுதிக்கொண்ட பெண் இல்லை. புதிதாக ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து, நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, அப்படி யாரும் வரலைங்க என்றார். பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு மொட்டைத்தலைப் பெரியவர். மீசை கிடையாது. தலை நிறையச் சந்தனம், தோளில் காவித் துண்டு, வெறும் உடம்பு. அவரைத் தாண்டி வெளியே போகப் பார்த்தேன்.

“ஏங்க,” என்று அவர் கூப்பிட்டார். “நீலக் கவுன் போட்ட புள்ள ஒண்ணு, அஞ்சு வயசு. வர்ற வழியில பாத்தீங்களா?”

குரல் அப்பாவுடையது.

அந்த முகத்தை முடியும் மீசையும் இல்லாமல் பார்த்த நினைவே எனக்கு இல்லை. அன்று முழுக்க நான் தேடியது வேறொருவரை. நடைப்பயணமாக வந்த ஒரு குழு அந்தப் படியைக் கடந்து போயிருக்கிறது. காவியைக் கண்டதும் இவர் எழுந்து பின்னால் போயிருக்கிறார். முப்பது பேரில் ஒருவராக வரிசையில் நின்று மொட்டை போட்டுக்கொண்டு, குளித்துவிட்டு, சட்டையை எங்கேயோ விட்டுவிட்டார். அட்டையும் அதோடு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தன் பிள்ளையைக் காணவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் குழுவில் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து இங்கே விட்டிருக்கிறார்கள். மதியத்திலிருந்து அவர் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லையாம். சாப்பாடு கொடுத்தும் தொடவில்லையாம். அவர் பெயரைக் கேட்டாலும் பிள்ளையின் பெயரைத்தான் சொன்னாராம். இதையெல்லாம் அந்த இளைஞர்தான் சொன்னார். பாவம், அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. குழந்தையைத் தேடி இரண்டு பேரை வேறு அனுப்பியிருந்தார்.

நான் அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“அப்பா, நான்தாம்பா. நான்தான் பாப்பா.”

அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவரைப் பார்ப்பதுபோல.

“இல்லீங்க. அது சின்னப் புள்ள. இப்பதான் காய்ச்ச விட்டு எந்திரிச்சிருக்கு. ரொம்ப தூரம் நடக்காது. அது இல்லாம நான் ஊருக்கு வரமாட்டேங்க.”

அப்பா என்னை வாழ்நாளில் ஒருதடவை கூட ‘நீங்க’ என்று சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஊர்க்காரர் ஒருவர் ‘டீச்சரம்மா, வாங்க’ என்று சொன்னபோது அப்பா சிரித்து, எனக்கு அது எப்பவும் பாப்பாதான் என்றார். இப்போது அவர் வாயில் அந்த ‘ங்க’ வந்ததும், என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாற்போல இருந்தது.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்றார். கடைசியில் பொய்தான் சொன்னேன்.

“பாப்பா கெடைச்சிடுச்சுங்க. எங்க வீட்ல தூங்குது. வாங்க, போய்ப் பாக்கலாம்.”

அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வது. இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார். “நீங்க நல்லா இருக்கணும்” என்றார். பெற்ற தகப்பன் கும்பிடுவதைப் பார்க்க மாட்டாமல் அவர் கைகளைப் பிடித்து இறக்கினேன். எழுந்து நடந்தார். பஸ் ஸ்டாண்டுவரை அந்தக் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அது வெல்லம் கேட்குமாம். வாய்க்காலில் இறங்கினால் வெளியே வராதாம். அத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி இவ்வளவு அவர் என்னிடம் பேசியதே இல்லை. கேட்கக் கேட்க அந்த ஐந்து வயதுப் பெண்மீது எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

கணவர் எதிர்ப்பட்டு எங்களை வண்டியில் கூட்டிவந்தார். வீடு சேர்ந்ததும் அப்பா ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். குழந்தை இல்லை. நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று புரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து என் கையால் சாப்பாடு வாங்கத் தயங்கினார். கணவர் ஊட்டினால் சாப்பிட்டார்.

அந்தக் காலத்திலும் நான் அப்படித் தொலைந்துபோய்க் கிடைத்தேனா, அல்லது இது அவராகக் கண்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கு அம்மா இல்லை. எனக்கு மொட்டை போட்ட அன்று ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் மொட்டைத்தலையோடு நான் நிற்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம். கவுன் என்ன நிறம் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஐந்து மாதம் இருந்தார். முடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது, மீசையும் வந்தது, முகம் பழையபடி ஆனது. என்னை மட்டும் அவருக்குத் தெரியவில்லை. தையில் சளி கட்டித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட வந்த நர்ஸ், பேச்சுக் கொடுப்பதற்காக என்னைக் காட்டி, ஐயா, இவங்க யாரு சொல்லுங்க பாப்போம் என்றார். அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார்.

“தெரிஞ்சவங்க” என்றார்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் போய்விட்டார். ஊருக்கு எடுத்துப் போனோம். சம்பா அறுப்பு நேரம். சேற்றுக்காலோடு வயலிலிருந்து நேராக வந்து நின்றார்கள். யார் யாரோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உன் மேல உசுரையே வச்சிருந்தாரே என்றார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.