ஆறாம் படையின் காசு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாவது முடித்ததும் தறிக்குழியில் இறங்கியவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தொண்ணூறுகளில் முதலாளியின் புடவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி சென்னைக்குப் போவேன். அவர் ஜவுளிக் கடைக்குள் பேசி முடிக்கிறவரை தெருவில் நிற்பேன். எதிரே பழங்காசு விற்கிற கடை. பலமுறை வாசலோடு திரும்பிவிட்டு, ஒருநாள் உள்ளே போனேன். கடைக்காரர் மங்கலான வெள்ளிக் காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் துடுப்புகளோடு கப்பல். மறுபக்கம் மூன்று கொடிக்கம்பம், நடுக்கம்பத்தின் மேல் கழுகு.

"ரோமாபுரிக் காசு. அவங்களுக்குள்ளயே சண்டை வந்தப்போ ஒரு தளபதி அடிச்சது. தன் பக்கம் நின்ன ஒவ்வொரு படைக்கும் நம்பர் போட்டு சம்பளமா குடுத்தான். வெள்ளி பத்தலன்னு செம்பு கலந்துட்டான்."

"ஜெயிச்சானா?"

"எங்க? தோத்துட்டான்."

தோற்றவன் பக்கம் நின்றவர்களை ஏனோ மறக்க முடியவில்லை. படையின் நம்பர் கொடிக்கம்பத்துக்கு அடியில் கோடுகோடாகப் போட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பார்த்துப் பழகிய எழுத்துதான். ஒவ்வொரு படையாகச் சேர்க்க ஆரம்பித்தேன். பக்கத்துத் தறிக்காரர், "இன்னா ராஜா, உன் சேனை எதுவரைக்கும் வந்துகீது?" என்று கிண்டல் செய்வார். மற்றவை ஒன்றிரண்டாக வந்தன, ஆறாம் படை மட்டும் வரவே இல்லை. அலைந்து அலைந்து, ஒருவழியாக அதுவும் வந்தது. தறியில் நாலு இழை ஓட்டுவேன், எழுந்துபோய் டப்பாவைத் திறந்து பார்ப்பேன்.

அந்த வாரமே மகளுக்கு டைபாய்டு. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த பிறகுதான் சாமி படத்தில் தொங்கிய மஞ்சள் முடிச்சைக் கவனித்தேன்.

"எந்தக் காசை முடிஞ்ச?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்க டப்பால மேலாக்க இருந்துச்சே, அதாங்க. வெள்ளியில முடிஞ்சா அம்மன் ஜல்தியா கேப்பான்னு சொன்னாங்க." மேலாக இருந்தது ஆறாம் படைதான்.

"அது கலப்பு வெள்ளி. அம்மனுக்குக் கலப்படம் போடலாமா? சுத்த வெள்ளியில ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்."

மனைவி முறைத்தாள். "பேஜார் பண்ணாதீங்க. ஜுரம் எறங்குனது அந்தக் காசுக்கு. காச மாத்தினா அவ சும்மா இருப்பாளா?"

அப்படியும் நகைக்கடையில் புதுக்காசு ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். சந்தவாசல் தாண்டி அம்மன் கோயிலுக்குப் போகிறவரை பஸ்ஸில் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வரிசை நகர்ந்து உண்டியலை நெருங்கியதும், "குடும்மா, முடிச்சு தளந்திருக்குது, கட்டித் தரேன்" என்றேன். மகள் உடனே கொடுத்துவிட்டாள். ஜுரத்தில் முடியெல்லாம் கொட்டி, தலை சின்னதாக இருந்தது. துணிக்குள்ளே காசின் ஓரம் கட்டைவிரலில் இடறியது. பின்னால் இருந்தவர்கள் "நகருங்க, நகருங்க" என்றார்கள். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

முடிச்சை அவளிடமே கொடுத்தேன். போட்டாள். அம்மன் பேரைச் சொல்லி வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வராமல், பையிலிருந்த புதுக்காசையும் போட்டேன்.

"அது இன்னா இன்னொண்ணு?" என்றாள் மனைவி.

"வட்டி" என்றேன்.

மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். இன்று காலை பழங்காசுக் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, உண்டியல்ல போட்டுட்டேன்னு சொன்னீங்களே, அதே மாதிரி ஆறாம் படை ஒண்ணு வந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும் வெக்கறேன்."

அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், தறிக்கு வருகிறேன். மனைவியே, "இது வேற காசுதானேங்க, வாங்கிக்குங்க. இன்னாத்துக்கு இப்படி நடந்துகினே இருக்கறீங்க?" என்று சொல்லிவிட்டாள். வேறு காசுதான், எனக்குத் தெரியாதா? ஆனால் கையில் வாங்கிவிட்டால், கொடுத்ததைத் திருப்பி வாங்கியது போல ஆகிவிடுமோ என்று இருக்கிறது.

மத்தியானம் போன் செய்து, "வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றேன். "ஏண்ணே?" என்றார். போனை வைத்துவிட்டேன். வேறு யாராவது அதை வாங்கிப் போகிறவரை எனக்குத் தறி ஓடாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2009, ஆடி மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை.