உட்கார்ந்தால் தெரியாத வலி

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. அங்கே ஈ.சீ.ஜீ மெஷின் வந்த புதிதில் அம்மாவைக் கூட்டிப்போனேன். மருந்து கொடுக்கிற ஐயா வடை தின்ற எண்ணெய்க் கையை மேசை விரிப்பில் துடைத்துவிட்டு, அதே கையால் அம்மாவின் நெஞ்சில் வயரை ஒட்டினார். முதலில் வந்தவரைத் துடைத்த ஈரத்துணியாலேயே அம்மாவையும் துடைத்தார். சீ!

அம்மாவுக்கு ஏற்றத்தில்தான் வலிக்கும். மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் பாதி வழியில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிவிடும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் கங்காணி, "மேல போகச் சொன்னா மட்டும் இவங்களுக்கு நெஞ்சு வலிச்சிரும்" என்று சிரித்தான். கீழ்மலையில் வேலை தரவேண்டுமென்றால் டிஸ்பென்சரி ஐயாவின் கடிதம் வேண்டும். ஒரேயடியாக வேலையை விட்டு நின்றுவிட்டாலோ, தோட்டம் கொடுத்த லயத்து அறையைத் திருப்பிக் கேட்பார்கள். நான் வேலை பார்க்கும் ஹட்டனுக்கு என்னோடு வந்துவிடச் சொன்னேன். "செத்தாலும் என் வீட்டுல சாவுறேன் புள்ள" என்றார்.

அன்று டிஸ்பென்சரி ஐயா அம்மாவைப் பெஞ்சில் அரை மணி உட்காரவைத்துவிட்டுத்தான் மெஷினைப் போட்டார். கோடுகள் ஒழுங்காக வந்தன.

"ஒன்னுமில்ல டீச்சர், கேஸ். வெறும் வயித்துல தேத்தண்ணி குடிச்சா இப்புடித்தான்."

"டவுன் ஆஸ்பத்திரியில இது இதய வருத்தமா இருக்கலாம்னு மாத்திரை குடுத்திருக்காங்க ஐயா."

"அப்ப லெட்டரையும் அங்கயே வாங்கிக்கங்க."

ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவள் நான். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு நாடிகளின் சுவரில் தசைக் கலங்கள் உண்டு. அவற்றில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் உண்டு. இதயம் கூடுதலாக உழைக்கும்போது அந்த வாசல்கள் திறக்கும். பொட்டாசியம் வெளியே போகப் போக, கல்சியம் உள்ளே வரும் வழி அடைபடும். தசை தளரும், நாடி விரியும், இரத்தம் கூடுதலாக ஓடும். ஆனால் மேலே பெரிய நாடியில் கொழுப்பு அடைத்திருந்தால், கீழே உள்ள சிறு நாடிகள் சும்மா இருக்கும்போதே வாசல்களைத் திறந்துவைத்துச் சமாளிக்கும். ஏற்றம் வந்தால் இன்னும் திறக்க அவற்றிடம் எதுவும் மிச்சமிருக்காது. அப்படிப்பட்டவரை உட்காரவைத்துச் சோதிப்பது, அடுப்பை அணைத்துவிட்டுப் பால் பொங்குகிறதா என்று பார்க்கிற கதைதான்.

"ஏறி வந்த கையோட எடுத்துப் பாருங்க ஐயா" என்றேன்.

"எனக்கே பாடமா டீச்சர்?" என்று பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும், அம்மா களைக்கக்கூடாதென்று டிஸ்பென்சரி வாசல்வரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய புத்திசாலி நான்தான். நடக்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கு டவுனில் தேதி கேட்டால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள்.

அடுத்த வாரம் ஆட்டோ வைக்கவில்லை. லயத்திலிருந்து டிஸ்பென்சரிவரை படிகளில் அம்மாவை நடத்தியே கூட்டிவந்தேன். டவுன் ஆஸ்பத்திரியில் கொடுத்த, வலி வந்தால் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரைக் குப்பி என் கைப்பையில் இருந்தது. கடைசித் திருப்பத்தில் அம்மாவின் முகம் வெளுத்து வியர்த்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"மாத்திரையக் குடு புள்ள."

"கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா. இப்பப் போட்டா வலி போயிரும். மெஷின்ல விழட்டும்."

அம்மா என்னைப் பார்த்தார். மீதிப் படிகளையும் ஏறினார்.

இந்த முறை பெஞ்சுக்கு விடாமல் நேரே கட்டிலில் படுக்கவைத்தேன். இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்று காட்டும்படி காகிதத்தில் கோடுகள் கீழே இறங்கி வந்தன; அந்த ஆள் அதை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் நான் குப்பியைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்கு வண்டியும் வந்தது, கீழ்மலைக்குக் கடிதமும் கிடைத்தது. கடிதத்தை நீட்டும்போது அவர் என் பக்கம் குனிந்து, "மாத்திரையக் குடுக்காம கூட்டியாந்தீங்களே, கெட்டிக்காரிதான் டீச்சர்" என்றார்.

என்ன பிறவி நான்! அந்த எண்ணெய்க் கையைவிட என் கைதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அம்மா இப்போது கீழ்மலையில்தான் கொழுந்து பறிக்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. மாத்திரைக் குப்பியை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். என் கையில் தருவதில்லை.