குளத்தில் விட்ட பந்தய உடை

கோட்டுச்சேரி சௌந்தரவல்லிக்கு ஒரே மகள், சிவப்ரியா. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெயர் வாங்கியவள். முந்நூறு மீட்டர் நேர்ச்சாலையில் இரண்டிரண்டு பேராக விடுவார்கள். விளக்கு பச்சையானதும் பறக்க வேண்டும். பன்னிரண்டு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். டிராக் ரேஸ் என்பார்கள். பெண்கள் பிரிவில் மூன்று வருடம் தொடர்ந்து அவள்தான் சாம்பியன். அந்த மூன்று வருடமும் சௌந்தரவல்லி ஒரு பந்தயத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. மகள் ஓடுகிற நேரத்தில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். போன் வந்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

பாலிடெக்னிக் படிக்கிற காலத்தில் ஆரம்பித்தது இது. மெக்கானிக் ஜெகபர் சாதிக்கின் பட்டறையில் சும்மா கிடந்த ஒரு வண்டியை அவளும் அவருமாகச் சேர்ந்து சரிசெய்தார்கள். ஞாயிறு விடிகாலையில், நிலக்கரி லாரிகள் கிளம்புவதற்கு முன்னால், கீழவாஞ்சூர் துறைமுகச் சாலையில் ஓட்டிப் பார்ப்பாள். வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் கரி அப்பியிருக்கும்.

"என்ன சௌந்தரம், பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறியா, பெட்ரோல் பங்க் பாக்குறியா?" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். முதல் கோப்பை வந்ததும் அதே வாய்கள் கோப்பையோடு நின்று படம் எடுத்துக்கொண்டன. பிறகு ஒரு பெரிய பந்தய அணி அவளைச் சேர்த்துக்கொண்டு வண்டியும் கொடுத்தது.

போன ஆடி மாதப் பந்தயத்தில் எல்லையைத் தாண்டுகிற நேரம் பின்சக்கரம் வழுக்கிவிட்டது. தரையோடு இழுபட்டுப் போனாள். இடது தோளில் காறை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியதற்குக் காரணம் அவள் போட்டிருந்த தோல் உடைதான் என்று டாக்டர் சொன்னார். தோளில் கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டு அதையே வைத்துக்கொண்டாள் சிவப்ரியா. சௌந்தரவல்லி அந்த ஒட்டு கண்ணில் படாதபடி உடையை மடித்து வைப்பாள்.

நான்கு மாதம் வீட்டிலேயே இருந்தாள். அணியின் மேலாளர் போனில் பேசினார். இந்த வருடத்துக் கடைசிப் பந்தயம், சென்னைக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை. அதில் ஓடாவிட்டால் அவள் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். போனால் போனதுதான். இருபத்தெட்டு வயதில், எலும்பு முறிந்தவளை நம்பி இன்னொருவர் வண்டி கொடுக்க மாட்டார்.

சனிக்கிழமை காலையில் சௌந்தரவல்லி ஒரு காரியம் செய்தாள். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயில் குளமான நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியைக் கரையிலே விட்டுவிட்டு வந்தால் பிடித்த சனி விடும் என்பது அவள் நம்பிக்கை. எந்தத் துணியில் கேடு வந்ததோ அதையே விட்டால் இன்னும் நல்லது என்று நினைத்தாள். வண்டி கொடுத்தவர்கள் உடையும் புதிதாகக் கொடுப்பார்கள் என்பது அவள் கணக்கு. மகள் வண்டி பார்க்கப் பட்டறைக்குப் போயிருந்த நேரம், உடையைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கோயில் குளத்தில் தோல் பொருளா என்று கொஞ்சம் யோசித்தாள். தாய் மனசு சாமிக்குத் தெரியாதா என்று, அதைத் தோளில் போர்த்தியபடியே மூன்று முழுக்குப் போட்டாள். பிறகு துணி போடுகிற தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தாள்.

பத்தரை மணிக்கு வீட்டில் சிவப்ரியா பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என் ரேஸ் சூட்டைப் பாத்தியா?"

பொய் சொல்லிச் சௌந்தரவல்லிக்குப் பழக்கமில்லை. சொன்னாள்.

சிவப்ரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது என் அளவுக்கு வெட்டித் தச்சதும்மா. இன்னொண்ணு தைக்க ஒரு மாசமாகும். அது இல்லாம பந்தயக் கோட்டுப் பக்கமே நிக்க விடமாட்டாங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"உன் நல்லதுக்குத்தாண்டி..."

"மூணு மணிக்கு சென்னை போக சாதிக் அண்ணன் வேனோட வந்துடுவாரு. ஏறு, வண்டியில ஏறு!"

மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சௌந்தரவல்லி அவ்வளவு வேகமாகப் போனதே கிடையாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு திருநள்ளாறு வரை முருகா முருகா என்றே வந்தாள்.

குளக்கரையில் சனிக்கிழமைக் கூட்டம். தொட்டியில் இருந்ததையெல்லாம் ஓரமாகக் குவித்திருந்தார்கள். ஈரமும் எண்ணெயுமாக ஆள் உயரத்துக்கு ஒரு துணிமலை. அதை வாரி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள் அங்கே துப்புரவு வேலை செய்கிற வெண்மதி. சிவப்ரியா குவியலில் கை வைக்கப் போனதும் பதறித் தடுத்தாள்.

"ஏங்க, கழிச்ச துணியத் தொடாதீங்க! விட்டதத் திருப்பி எடுத்தா விட்டது பூராத் திரும்பி வரும். இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல."

"என்னுதுங்க அது. எனக்கு வேணும்."

"நீங்க தொட்டா உங்களத்தான் பிடிக்கும். நானும் எடுத்துத் தரமாட்டேன், எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. யார் விட்டாங்களோ அவங்க பாடு."

சிவப்ரியா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் போயிருந்தது. விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவள் இப்படிக் கெஞ்சலாகப் பார்த்ததில்லை.

சௌந்தரவல்லி குவியலைப் பார்த்தாள். இதை எடுத்துக் கொடுத்தால் மகள் திரும்பவும் அந்த வண்டியில் ஏறுவாள். கொடுத்ததைப் பிடுங்குகிற பாவமும் சேரும். எடுக்காவிட்டால் மகள் பத்திரமாக வீட்டில் இருப்பாள், இந்த முகத்தோடு, ஆயுசுக்கும். கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "சாமி, புத்தி கெட்டுப் போய்க் குடுத்துட்டேன். நானே எடுத்துக்குறேன். வர்றது என்னைத் தேடி வரட்டும், அவகிட்டப் போகாதே" என்று வாய்விட்டுச் சொன்னாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் குவியலைப் புரட்டினாள்.

யார் யாருடைய கஷ்டமோ, வேட்டியும் சுடிதாரும் குழந்தைச் சட்டையுமாக வந்துகொண்டே இருந்தன. ஒரு மணி நேரம் ஆயிற்று. அடியிலிருந்து அந்த உடையை இழுத்தபோது ஊறிப்போய்ப் பிணம் போலக் கனத்தது. வெண்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெகபர் சாதிக் அதை வேனுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டார். "அல்லா காப்பாத்துவான், வாங்கம்மா நீங்களும்" என்றார். இந்த முறை சௌந்தரவல்லி மறுக்கவில்லை.

மறுநாள் சோதனை செய்கிறவர் உடையை மோந்து பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், விட்டுவிட்டார். ஆனால் நனைந்து காய்ந்த தோல் விறைத்துப் போயிருந்தது. இடது கை சரியாக மடங்கவில்லை. அப்படியே முதல் இரண்டு ஓட்டத்தையும் ஜெயித்தாள் சிவப்ரியா. இறுதி ஓட்டத்தில் சௌந்தரவல்லி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தாள். பச்சை விழுந்தது. ஒரு முருகா சொல்லி முடிப்பதற்குள் இரண்டு வண்டியும் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. மகள் முன்சக்கர அளவு வித்தியாசத்தில் தோற்றிருந்தாள். ஆனால் விழவில்லை.

மேலாளர் வந்து, "இந்தக் கையை வச்சுக்கிட்டு இவ்வளவு வேகமா? அடுத்த வருஷமும் இவங்கதாம்மா ஓட்டுறாங்க" என்றார்.

சௌந்தரவல்லி தலையை ஆட்டினாள். இன்னும் ஒரு வருடம். அத்தனை பந்தயம்.

வேனுக்குள்ளே சிவப்ரியா தவித்துக்கொண்டிருந்தாள். "ஜிப் இறுகிடுச்சும்மா. மூச்சு முட்டுது, இழு."

"அசையாம நில்லுடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள் தாய்.

"மெதுவாம்மா, தோளு!"

தோள் என்றதும் கையை எடுத்துவிட்டு, விம்மியபடியே திரும்பவும் ஜிப்பைப் பிடித்தாள்.